பிழைப்பும் பிள்ளையும்

 

இன்றைய பேச்சு பிள்ளை வளர்ப்பைப் பற்றியது. பிள்ளைக்கு என்ன உணவு கொடுக்க வேண்டும், எப்போது தடுப்பூசி போட வேண்டும் என்பதை அங்கன்வாடி டீச்சரும் ஆஷா பணியாளரும் பலமுறை சொல்லியிருப்பார்கள். அதை இன்று மறுபடி சொல்லப் போவதில்லை. இன்று பெற்றவர்களைப் பற்றிய பேச்சு. அவர்கள் மனதில் கிடக்கும் ஒரு சந்தேகத்தைப் பற்றிய பேச்சு.

“என் பிள்ளையை நான் சரியாக வளர்க்கிறேனா? என்னால் அது முடியுமா?”

இதுதான் அந்தச் சந்தேகம். உழைத்துப் பிழைக்கும் வீடுகளில் இது அதிகம். யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் ஊர் சிரிக்கும் என்று பயம். ஆனால் இரவில் படுக்கும்போது அது பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது. அது எங்கிருந்து வருகிறது? அதை எப்படித் துரத்துவது? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போமா?

எல்லை ஊரின் விடியற்காலை

குன்னத்துகால் ஊராட்சி திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது. காரக்கோணம் இந்த ஊராட்சியைச் சேர்ந்தது. பாறசாலையும் வெள்ளறடையும் பக்கத்து ஊர்கள். கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாட்டின் விளவங்கோடு வந்துவிடும். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று ஒரு எல்லைக்கோடு விழுந்தது. ஆனால் வேலை தேடிப் போகிறவர்களை அந்தக் கோடு தடுத்ததில்லை. பஸ் ஏறினால் களியக்காவிளை. அங்கிருந்து மார்த்தாண்டம். இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை. அதைத் தாண்டினால் திருவனந்தபுரம்.

இந்தப் பகுதியில் என்னென்ன வேலைகள்?

முதலில் ரப்பர். மேட்டு நிலமெங்கும் ரப்பர் மரங்கள். பால்வெட்டும் தொழிலாளி சூரியன் வருவதற்கு முன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு நாளில் 300, 400 மரம் வெட்டுவார்கள். பிறகு அதே மரங்களுக்கு மறுபடி நடந்து பால் எடுக்க வேண்டும். ஆசிட் ஊற்றி உறைய வைக்க வேண்டும். மெஷினில் கொடுத்து ஷீட் அடிக்க வேண்டும். இந்த வீட்டுப் பிள்ளை கண் விழிக்கும்போது அப்பா வீட்டில் இல்லை. பல வீடுகளில் அம்மையும் இல்லை.

அடுத்தது முந்திரி ஆலை. எல்லைக்கு அந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் நிறைய ஆலைகள் உண்டு. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோடு உடைக்கும்போது அதன் எண்ணெய் கையைப் பொசுக்கும். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தடவவே சில தாய்மார் கூசுவார்கள்.

பாறை உடைக்கும் வேலை, கட்டட வேலை, மரச்சீனி விளை வேலை, தொழிலுறப்பு வேலை எல்லாம் உண்டு. படித்த பெண்கள் நகரத்துத் துணிக்கடைக்குப் போகிறார்கள். காலையில் பஸ் ஏறினால் இரவில்தான் திரும்புகிறார்கள். பகல் முழுவதும் நின்றுகொண்டே வேலை. ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். பிள்ளையின் முதல் நடையை அவர்கள் போனில்தான் பார்த்தார்கள்.

இத்தனை வேலையும் யாருக்காக? பிள்ளைக்காக. ஆனால் அந்த வேலையே பிள்ளையிடமிருந்து பெற்றவர்களைப் பிரித்து வைக்கிறது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு நாள் இரவு

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரவு எட்டு மணி. தாய் இப்போதுதான் வேலை முடிந்து வந்தாள். கஞ்சிக்குத் தண்ணீர் வைக்கிறாள். ஐந்து வயது மகன் சேலையைப் பிடித்து இழுக்கிறான்.

“அம்மை, நாளைக்கும் போவியா?”

“போகாம இருந்தா அரிசி வருமா மக்களே?”

“நான் ஒரு படம் வரைஞ்சேன். பாரு.”

“பொறு மக்களே. பிறகு பாக்கலாம்.”

அவன் விடவில்லை. மீண்டும் இழுக்கிறான். சேலை விலகுகிறது. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிகிறது. தாயின் கை ஓங்குகிறது. முதுகில் ஒரு அடி. அவன் அழுதபடியே தூங்கிவிடுகிறான். அடுப்படியை ஒதுக்கிவிட்டு வந்த தாய் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கிறாள். அதில் ஒரு பெண் இருக்கிறாள். கையில் ஒரு பை இருக்கிறது. அது அவள்தான்.

அவள் அழுகிறாள். “எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது” என்று சொல்லிக்கொள்கிறாள்.

உண்மையில் அவளுக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளை நலமாக இருக்கிறான். பேசுகிறான். கேள்வி கேட்கிறான். அம்மையை நினைத்துப் படம் வரைகிறான். வளர்க்கத் தெரியாதவளின் பிள்ளை இப்படி இருக்குமா? அவளிடம் குறைவாக இருந்தது நேரமும் தெம்பும். ஆனால் தன்னிடம் அறிவும் அன்பும் குறைவு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேலைப் பளு செய்யும் பெரிய தீமை இதுதான். அது உடலைக் களைக்க வைக்கிறது. அதோடு, “நீ ஒரு நல்ல தாய் இல்லை, நல்ல தந்தை இல்லை” என்று மனதில் ஓதிக்கொண்டும் இருக்கிறது.

நான்கு ஊற்றுகள்

ஆல்பர்ட் பண்டூரா என்று ஓர் அறிஞர் இருந்தார். கனடாவில் பிறந்தவர். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். 2021இல் காலமானார். “தன்னால் முடியும்” என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆராய்ந்தார். 1977இல் அதை எழுதி வெளியிட்டார். அந்த நம்பிக்கைக்கு நான்கு வழிகள் உண்டு என்றார். கிணற்றுக்கு நான்கு பக்கம் ஊற்று இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஊற்று, தானே செய்து பார்த்து வெல்வது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. தாய் கவனித்தாள். குணமானது. அடுத்த முறை அவளுக்குப் பயம் குறைகிறது. சைக்கிள் பழகுவதுபோலத்தான் இது. ஆனால் நாள் முழுவதும் வேலையில் இருப்பவருக்குப் பிள்ளையோடு இப்படிப் பழகிப் பார்க்கும் நேரம் குறைகிறது. சிறு சிறு வெற்றிகள் நடந்தாலும் அவற்றைக் கவனிக்க நேரமில்லை.

இரண்டாவது ஊற்று, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. முன்பு கூட்டுக் குடும்பத்தில் அக்கா வளர்ப்பதைத் தங்கை பார்த்தாள். இன்று பலர் தனிக் குடித்தனம். பார்க்கக் கிடைப்பது டிவி விளம்பரத்துத் தாயும் போனில் வரும் தாயும்தான். அந்தத் தாய்க்குச் சேலை கசங்குவதில்லை. கஞ்சி பொங்குவதில்லை. அவளோடு தன்னை ஒப்பிட்டால் யாருக்குத்தான் மனம் சோராது?

மூன்றாவது ஊற்று, மற்றவர் சொல்லும் நல்ல சொல். “நீ நன்றாகச் செய்கிறாய்” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வேலைக்குப் போகும் தாய்க்கு இது அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. “பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளே” என்ற பேச்சுதான் காதில் விழுகிறது. வேலைக்குப் போகாவிட்டால், “சும்மா இருக்கிறாளே” என்கிறது அதே ஊர். தந்தைக்கும் இந்தக் கதிதான். பணம் கொண்டுவந்தால் மட்டும் அவன் நல்ல அப்பா.

நான்காவது ஊற்று, உடம்பும் மனமும் இருக்கும் நிலை. தூங்கி எழுந்தவருக்கு மலை சிறிதாகத் தெரியும். தூக்கம் இல்லாதவருக்கு மேடே மலையாகத் தெரியும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர் இரவு எட்டு மணிக்குப் பிள்ளையின் பிடிவாதத்தைப் பார்க்கும்போது, அது உலகத்திலேயே பெரிய பிடிவாதமாகத் தெரிகிறது.

வேலைப் பளு இந்த நான்கு ஊற்றுகளையும் ஒன்றாக அடைக்கிறது. கிணறு வற்றுகிறது. வற்றிய கிணற்றைப் பார்த்து, “இந்தக் கிணறே மோசம்” என்று சொல்லலாமா? ஊற்றைத் தோண்டிவிட வேண்டாமா?

விலை இறங்கினால் அப்பா குற்றவாளியா?

ரப்பர் ஷீட்டின் விலையைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். 2011இல் ஒரு கிலோ 240 ரூபாய் வரை போனது. 2016ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் 240 ரூபாயைத் தாண்டியது. இந்த விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உலகச் சந்தை காரணம். பெட்ரோலிய எண்ணெயின் விலை காரணம். சீனாவில் எத்தனை டயர் செய்கிறார்கள் என்பதும் காரணம். குன்னத்துகாலில் பால்வெட்டும் ஒருவர் இவற்றில் எதையும் மாற்ற முடியாது.

ஆனால் விலை இறங்கிய ஆண்டில் மகளுக்குச் செருப்பு வாங்க முடியாதபோது, அந்தத் தந்தை யாரைக் குற்றம் சொன்னார்? தன்னைத்தான். “நான் ஒரு அப்பனா?” என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் பேச்சு குறைந்தது. கோபம் கூடியது. சிலர் கடையில் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள்.

இது உலகமெங்கும் நடந்த கதைதான். 1929இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி வந்தது. வங்கிகள் மூடின. கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அந்த நாட்டில் ஓக்லாந்து என்ற நகரத்தில், 1920, 1921ஆம் ஆண்டுகளில் பிறந்த 167 பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கிளென் எல்டர் என்ற அறிஞர் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1974இல் ஒரு புத்தகம் எழுதினார்.

அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் என்ன கண்டார்கள்? வருமானம் குறைந்த வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் கெட்டுப்போகவில்லை. பணக் கஷ்டம் தந்தையைச் சிடுசிடுப்பாக மாற்றிய வீடுகளில் பிள்ளைகள் அதிகம் வாடினார்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தாங்கி நின்ற வீடுகளில் பிள்ளைகளும் தாங்கினார்கள். வீட்டு வேலையில் அளவாகப் பங்கெடுத்த பிள்ளைகளில் பலர் பொறுப்பாக வளர்ந்தார்கள்.

இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. விலை யார் கையிலும் இல்லை. ஆனால் விலை இறங்கிய செய்தி வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பது ஓரளவு கையில் இருக்கிறது. “இந்த மாதம் காசு குறைவு மக்களே. அடுத்த மாதம் செருப்பு வாங்கலாம். இது உன் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை” என்று தந்தை சொல்லலாம். பிள்ளைக்கு அது புரியும். சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், பிள்ளை வேறு மாதிரி நினைக்கும். “அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை” என்று நினைக்கும்.

எவ்வளவு செய்தால் போதும்?

இங்கிலாந்தில் டொனால்ட் வினிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். ஆயிரக்கணக்கான தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்த்தவர். 1940களில் வானொலியில் தாய்மாருக்காகப் பேசியவர். குறையே இல்லாத தாய் பிள்ளைக்குத் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய் இருந்தால் போதும் என்பது அவருடைய கருத்து.

போதுமான அளவு என்றால் என்ன? பிள்ளை அழுதால் பெரும்பாலும் யாராவது வருகிறார்கள். பசித்தால் பெரும்பாலும் சோறு கிடைக்கிறது. பயந்தால் ஒட்டிக்கொள்ள ஒரு மடி இருக்கிறது. சில நேரம் தாமதமாகிறது. சில நேரம் அம்மை எரிந்து விழுகிறாள். பிறகு சமாதானம் ஆகிறார்கள். இந்தச் சிறு தாமதங்களைத் தாங்கித்தான் பிள்ளை பொறுமை பழகுகிறது.

அதனால் அன்று இரவு அடித்த தாய் அடுத்த நாள் ஒன்று செய்யலாம். “நேற்று அம்மைக்கு ரொம்பக் களைப்பு. அதுதான் அடித்துவிட்டேன். அடித்தது தப்பு. உன் படம் எனக்குப் பிடித்திருக்கிறது” என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறையாது. தவறு செய்தால் எப்படிச் சரி செய்வது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் எந்தப் பள்ளியிலும் இவ்வளவு நன்றாகக் கிடைக்காது.

வீட்டில் செய்யக் கூடியவை

நேரம் குறைவாக இருக்கும் வீட்டுக்கு ஏற்ற சில வழிகள் இவை. செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று: சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை தூங்கும்போது ஒளிந்து போவது நல்லதல்ல. முந்தைய இரவே சொல்லுங்கள். “நீ எழும்பும்போது அம்மை தோட்டத்தில் இருப்பேன். பாட்டி சாயை தருவா. நீ அங்கன்வாடிக்குப் போய் வரும்போது நான் வந்துவிடுவேன்.” எப்போது வருவேன் என்பது தெரிந்தால் பிள்ளையின் மனம் அலையாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது முக்கியம்.

இரண்டு: ஒரு நாளில் பத்து நிமிடம் முழுதாகக் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடம் போன் வேண்டாம், டிவி வேண்டாம். சோறு ஊட்டும்போது கொடுக்கலாம். குளிப்பாட்டும்போது கொடுக்கலாம். அரிசி பொறுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக் கதை கேட்கலாம். ஒரே நேரத்தில் தினமும் நடந்தால் பிள்ளை அதற்காகக் காத்திருக்கும். இழுக்கிற பிடிவாதம் தானே குறையும்.

மூன்று: படிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பலருக்கு இது பெரிய பயம். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஊரில் மலையாளம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் உண்டு. “எனக்கே எழுத்து இப்போதுதான் வந்தது. நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்?” என்று தாய் ஒதுங்குகிறாள். ஒதுங்க வேண்டாம். பிள்ளையிடமே கேளுங்கள். “இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குச் சொல்லிக் கொடு.” சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்குப் பாடம் இரண்டு மடங்கு பதியும். வீட்டு மொழியில் கதையும் விடுகதையும் சொல்லுங்கள். ஒரு மொழியில் நன்றாகப் பேசப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாக வரும்.

1991 ஏப்ரல் 18ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அதை அறிவித்தவர் அமைச்சர் இல்லை. எழுத்தறிவு வகுப்பில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற முதிய பெண். பேரப்பிள்ளைகள் இருக்கும் வயதில் படித்தவர் அவர். படிக்கும் அம்மையைப் பார்க்கும் பிள்ளைக்குப் படிப்பின் மேல் மரியாதை வரும். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பிள்ளையின் முன்னால் படியுங்கள்.

நான்கு: தந்தையும் தாங்க வேண்டும். பால்வெட்டு முடிந்து பகலில் வீட்டுக்கு வரும் தந்தை, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போடலாம். தலை சீவி விடலாம். வளைகுடாவில் இருக்கும் தந்தை போனில் “மார்க் எத்தனை?” என்று மட்டும் கேட்க வேண்டாம். “இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?” என்று கேட்கட்டும். பாட்டியிடமும் அம்மாவிடமும் கேட்காமல் போனில் தண்டனை சொல்ல வேண்டாம்.

ஐந்து: மூத்த மகள் மேல் பாரத்தை ஏற்ற வேண்டாம். தாய் வேலைக்குப் போனால் பத்து வயது மகள் குட்டித் தாயாகி விடுகிறாள். தம்பியைப் பார்க்கிறாள். கஞ்சி வைக்கிறாள். கொஞ்சம் உதவுவது நல்லது. அதற்காகப் பள்ளிக்கூடம் தடைபடக் கூடாது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை என்று 2009இல் சட்டம் வந்தது. தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கும் மகள் அந்த உரிமையை இழக்கிறாள். அவளுடைய பிள்ளைப் பருவமும் போகிறது.

வீடு மட்டும் போதாது

இங்கே ஒரு கேள்வி வரும். “எல்லாவற்றையும் அம்மாவும் அப்பாவுமே செய்ய வேண்டுமா?” நியாயமான கேள்வி. பளு வேலையிலிருந்து வருகிறது. அதனால் வேலை கொடுப்பவருக்கும் அரசுக்கும் ஊருக்கும் பங்கு உண்டு.

1969இல் டெல்லியில் மீரா மகாதேவன் என்ற பெண் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தார். சித்தாள் வேலை செய்யும் தாய்மாரின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடந்தார்கள். அங்கேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். கட்டடம் முடிந்து தொழிலாளர்கள் வேறு இடம் போனால் காப்பகமும் கூடவே போகும். அதனால் ‘நடமாடும் காப்பகம்’ என்று பெயர் வந்தது. பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் தாயின் கை தைரியமாக வேலை செய்யும். வீட்டுக்கு வந்தாலும் மனம் குற்ற உணர்வில் சுருங்காது.

1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. இன்று கேரளத்தில் மட்டும் 33,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உண்டு. 2022இல் மத்திய அரசின் பால்னா திட்டம் வந்தது. அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைக் காப்பகத்துக்கு அதில் இடம் உண்டு. 6 மாதம் முதல் 6 வயது வரையான குழந்தைகளை அங்கே விடலாம். உங்கள் வார்டில் அப்படி ஒரு காப்பகம் உண்டா? இல்லையென்றால் கிராமசபையில் கேளுங்கள்.

பேறுகாலச் சலுகைச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் விதி வந்தது. கிராமத்து வேலை உறுதிக்காக 2005இல் வந்த சட்டமும் இப்படி ஒரு விதியை எழுதியது. ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் தாய்மாரோடு வேலை இடத்துக்கு வந்தால், ஒரு பெண் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் கூலி உண்டு. பிள்ளையைப் பார்ப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று ஒரு சட்டம் சொன்னது பெரிய விஷயம். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் மாறினாலும் வேலை இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி மாறாது. “எங்கள் பிள்ளைகளை யார் பார்ப்பது?”

துணிக்கடைப் பெண்களின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. நாள் முழுவதும் உட்காரக் கூடாது என்ற வழக்கத்தை எதிர்த்துக் கோழிக்கோட்டுப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் சேர்ந்து பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021இல் தமிழ்நாடும் அதே உரிமையைக் கொடுத்தது. ஒரு நாற்காலிக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கால் வீங்காமல் வீடு திரும்பும் தாய்க்குப் பிள்ளையின் படத்தைப் பார்க்கத் தெம்பு மிஞ்சும். தொடர்பு அதுதான்.

பேசினால் பாரம் குறையும்

1998 மே 17ஆம் தேதி மலப்புறத்தில் குடும்பஸ்ரீ தொடங்கி வைக்கப்பட்டது. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தது ஒரு அயல்கூட்டம். அங்கே சேமிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். கடனைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் பேசலாமே. ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொன்னால், “என் வீட்டிலும் இதே கதைதான் அக்கா” என்று இன்னொருத்தி சொல்வாள். இரண்டாவது ஊற்றும் மூன்றாவது ஊற்றும் அங்கேயே திறந்துவிடும்.

ஒரு நல்ல சொல் என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு தாய் அங்கன்வாடியில் சொல்கிறாள்.

“எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது டீச்சரே. எப்போதும் வேலை, வேலை.”

“அப்படியா சேச்சி? அவன் இங்கே எல்லோரிடமும் என்ன சொன்னான் தெரியுமா? ‘எங்க அம்மை இருட்டிலயும் பயப்படாம போவா’ண்ணு சொன்னான்.”

அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவள் நடை மாறியது. வேலைக்குப் போகும் அம்மாவைப் பிள்ளை வேறு கண்ணால் பார்க்கிறான் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

சில நேரம் ஊர்ப் பேச்சு மட்டும் போதாது. இரவில் தூக்கமே வருவதில்லை, தினமும் பிள்ளையை அடிக்கத் தோன்றுகிறது, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது சோம்பலோ பலவீனமோ இல்லை. அதற்கு மருத்துவம் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லலாம். 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். இது 2022இல் தொடங்கிய மனநல உதவி எண். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணில் சொல்லலாம். பிள்ளையே கூப்பிடலாம்.

பெற்றவர்களே! அடுத்த முறை அந்தச் சந்தேகம் வந்தால், அதற்குப் பதில் சொல்லுங்கள். “நான் களைத்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடாது.” பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிடுங்கள். இன்று என்ன வரைந்தாய் என்று கேளுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள்? பிள்ளையோடு இருக்கும் நேரம் எவ்வளவு?

2. நான்கு ஊற்றுகள் எவை? உங்களுக்கு எந்த ஊற்று அடைத்திருக்கிறது?

3. கடந்த வாரம் உங்கள் பிள்ளையிடம் நீங்கள் கண்ட ஒரு நல்ல குணத்தை எழுதுங்கள்.

4. உங்கள் வார்டில் குழந்தைக் காப்பகம் வேண்டுமா? கிராமசபையில் கொடுப்பதற்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.

5. பக்கத்து வீட்டுத் தாய்க்கோ தந்தைக்கோ இன்று நீங்கள் சொல்லக் கூடிய நல்ல சொல் என்ன?